கிரேஸ் ஆன்ட்டி பயந்து பார்த்த கார்

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்று அம்மா சொன்னார். ஆனால் நம் தமிழ்ப் பள்ளி மலரைப் படிக்கும் நீங்கள் கிரேஸ் ஆன்ட்டியை நேரில் அறிந்தவர்கள். கூட்டி எழுதினாலும் குறைத்து எழுதினாலும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

செய்தி வந்தபோது நான் வீட்டில் தனியாக இருந்தேன். பெரியவர்கள் இல்லாத நேரத்தில் நான் தொலைபேசியை எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு விதி. மணி அடித்து ஓய்ந்ததும் பதிவுக் கருவியில் ஒரு குரல் பேசத் தொடங்கியது. பிளசன்டன் மருத்துவமனையில் ஆன்ட்டியோடு வேலை செய்யும் டாக்டரின் குரல் அது, அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. "ரகு, நான் கதைக்கிறது கேட்குதோ தெரியேல்ல. கிரேஸ் அக்கா இண்டைக்குக் காலமை வேலைக்கு வந்த இடத்தில விழுந்திட்டா. மூளையில ரத்தக் கசிவு. எங்களால ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு. வீட்டுக்கு வந்ததும் கூப்பிடுங்கோ." அவ்வளவுதான். நான் கருவியின் முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். இன்னொரு முறை கேட்கப் பயமாக இருந்தது. கேட்காமல் விட்டால் தானாக அழிந்துவிடுமோ என்றும் பயமாக இருந்தது. அப்பா வரும்வரை அந்த வீட்டில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவரிடம் நான் சொல்லாதவரை அது முழுதாக நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆன்ட்டி அறுவை சிகிச்சைக்கு முன்னால் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, நியூ ஜெர்சியில் பயிற்சி முடித்து, பிறகு கலிஃபோர்னியா வந்தவர். ஃப்ரீமான்ட்டில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தார். எனக்குக் குடல்வால் அறுவை நடந்தபோது வந்தவர்கள் எல்லாரும் "ஒண்ணும் ஆகாது" என்றார்கள். அவர் மட்டும் அதைச் சொல்லவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து என் வாயைத் திறக்கச் சொல்லி, ஆடுகிற பல் ஏதும் உண்டா என்று பார்த்தார்.

"பயமா இருக்கோ, அனு?"

தலையாட்டினேன்.

"எனக்கும் பயம்தான். நீ கண் முழிக்கிற வரைக்கும் பயந்துகொண்டு பக்கத்திலயே இருப்பன். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

சின்னப் பெண்ணிடம் இப்படியா பேசுவது என்று அம்மா பிறகு குறைப்பட்டார். எனக்கு அந்த அறையில் கேட்ட எல்லாப் பேச்சிலும் அதுதான் நம்பும்படியாக இருந்தது.

ஆன்ட்டியின் காரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் கேட்டாவது இருப்பீர்கள். அது கரும்பச்சை நிறத்தில் இரண்டே கதவுகள் கொண்ட பழைய கார். அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் இந்த நாட்டில் நடுத்தரமான உடலுக்குள் மிகப் பெரிய என்ஜினைத் திணித்துச் செய்த மசில் கார்களில் ஒன்று. எங்கள் தெருவில் அது திரும்பினால் சமையலறை அலமாரியில் தம்ளர்கள் நடுங்கும். ஆனால் ஃப்ரீவேயில் அவ்வளவு மெதுவாகப் போகும் கார் வேறு கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்களை அதில் ஏற்றிக்கொண்டு போனபோது, பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது.

"அக்கா, இவ்ளோ பவர வச்சுக்கிட்டு ஏன் இப்படி உருட்டுறீங்க? பின்னாடி வர்றவன் திட்டுறான்" என்றார் அப்பா.

"திட்டட்டும் தம்பி. இவன் ஓடுவான் எண்டு எனக்குத் தெரியும். நிப்பானோ எண்டுதான் ஒவ்வொரு நாளும் கேட்கிறன்."

பழைய கார் வாங்க ஆசைப்பட்டவர்கள் ஏலத்துக்கு முன்னால் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பெரும்பாலும் ஏமாற்றத்தோடுதான் திரும்புவார்கள். அவர் "வேண்டலாம்", அதாவது வாங்கலாம், என்று சொன்ன கார்கள் மிகக் குறைவு. "வேண்டப் போற ஆளாப் போய்ப் பாக்கக் கூடாது. அதுக்குள்ள இருந்து சாகப் போற ஆளாப் போய்ப் பாக்க வேணும்" என்பார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவர் இதைச் சொன்னபோது அம்மா எழுந்துபோய்ச் சாமி விளக்கைத் தூண்டிவிட்டு வந்தார்.

இனி அந்தச் சனிக்கிழமை. இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

போன ஆண்டு எங்களுக்கு கிரீன் கார்டு வந்தது. இனி யாரும் நம்மைத் திருப்பி அனுப்ப முடியாது, இந்த ஊரில் பெரிதாக ஏதாவது ஒன்றை வாங்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். ஆல்டமான்ட் மலையைத் தாண்டி ஓர் ஊரில், சந்தைத் திடலில் பழைய கார்களை ஏலம் விடப்போகிறார்கள் என்று தெரிந்தது. அதில் நீல நிறத்தில் வெள்ளைப் பட்டைகள் போட்ட, அறுபத்தொன்பதில் செய்த செவெல் என்ற மசில் கார் ஒன்று இருந்தது. அப்பா அதன் படத்தைக் கணினியில் பார்த்துப் பார்த்து எங்களுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. ஏலத்தில் எடுத்து, மலைப்பாதை வழியாகத் தானே வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வர வேண்டும். நான் பின்சீட்டில் இருக்க வேண்டும். அம்மா வாசலில் ஆரத்தியோடு நிற்க வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவு விவரமாக இருந்தது.

ஒன்பது மணிக்குக் கார்களைப் பார்க்க விடுவார்கள், அப்போதே உள்ளே இருக்க வேண்டும் என்று ஆன்ட்டி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முதல் ஒரு மணி நேரம் விற்பவர்கள் காபி குடிக்கப் போய்விடுவார்கள். அப்போதுதான் யாரும் தடுக்காமல் காரின் அடியில் படுத்துப் பார்க்கலாம். என்ஜினும் குளிர்ந்திருக்கும், குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போதுதான் அதன் நோய் கேட்கும். நாங்கள் ஒன்பதுக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். ஆனால் அப்பா வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன தம்பி, இறங்கேல்லையோ?"

"சனிக்கிழமை அக்கா. ஒம்பதுல இருந்து பத்தரை ராகு காலம். முதல் தடவையா ஒரு பெரிய பொருள் வாங்கறோம்."

"வேண்டேக்கதானே ராகு காலம் பாக்கிறது? இப்ப பாக்கத்தானே போறம்."

"பார்க்கறதும் ஆரம்பம்தானே அக்கா."

ஆன்ட்டி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்தார். "எந்தக் கலண்டர்?"

"மௌரி அவென்யூ இந்தியக் கடையில குடுத்தது."

"அது சென்னையில அடிச்ச கலண்டர். சென்னையில இப்ப ராத்திரி. ராகு நல்ல நித்திரையா இருப்பார்."

"சாமி விஷயத்துல டைம் ஜோன் பார்க்கக் கூடாதுக்கா."

"நல்லது. நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ, எனக்கு ராகு ஒண்டும் செய்ய மாட்டார். நான் போய்ப் பாக்கட்டே?"

"நீங்க எனக்காகப் பார்க்கறீங்க. அப்போ அது என் கணக்குலதான் வரும்."

ஆன்ட்டி சிரித்துவிட்டார். பிறகு சிரிக்கவில்லை. கண்ணாடி வழியாக வாயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் உள்ளே போனது. உள்ளேயிருந்து ஒவ்வொரு என்ஜினாகக் கிளப்பும் சத்தம் வந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் விரல் கைப்பையின் மேல் ஒரு தட்டுத் தட்டியது. நான் மடியில் புத்தகத்தை வைத்திருந்தேன். பக்கத்தைத் திருப்பவில்லை.

பத்தரை கழிந்து நாங்கள் உள்ளே போனபோது நீலக் கார் பளபளத்துக்கொண்டிருந்தது. படத்தில் இருந்ததைவிட அழகு. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று யார் சொன்னாலும் அவர் கேட்கமாட்டார் என்று தெரிந்தது. ஆன்ட்டி காரைப் பார்க்கவில்லை. முதலில் அதன் கீழே தரையைப் பார்த்தார். எண்ணெய்ச் சொட்டு எதுவும் இல்லை. பிறகு என்ஜின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல.

"சுடுது" என்றார். "ஏற்கெனவே ஓட விட்டிட்டாங்கள்."

துணியில் சுற்றிய சிறு காந்தம் ஒன்றை எடுத்துக் கதவுகளில் வைத்துக்கொண்டே போனார். இரும்பு இருக்கும் இடத்தில் அது ஒட்டும். பின்சக்கரத்துக்கு மேலே வைத்தபோது ஒட்டாமல் அவர் கையிலேயே விழுந்தது. அந்த இடத்தில் வண்ணத்துக்குக் கீழே இரும்பு இல்லை, பூச்சுதான் இருக்கிறது. அப்பா அதைப் பார்த்தார். "முப்பது வருஷ காருக்கா. அங்கங்க ஒட்டுப் போடத்தானே செய்வாங்க" என்றார்.

ஆன்ட்டி பழைய போர்வையை விரித்து அதன் மேல் படுத்துக் காரின் அடியில் நகர்ந்தார். நான் குனிந்து டார்ச் அடித்தேன். காரின் உடலைத் தாங்கும் நீளமான இரும்புச் சட்டம் முழுவதும் புதிதாகக் கறுப்புத் தார் போன்ற ஒன்றைத் தடவியிருந்தார்கள். பின் அச்சை அந்தச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும் இடத்தில் மட்டும் அது இன்னும் தடிப்பாக இருந்தது. ஆன்ட்டி அங்கே நகத்தால் தட்டினார். மற்ற இடங்களில் 'டிங்' என்று கேட்டது, அங்கே கேட்கவில்லை. நகத்தை அழுத்தப் போனபோது என் முகத்துக்குப் பக்கத்தில் இரண்டு பூட்ஸ் கால்கள் வந்து நின்றன.

"என் காரைச் சுரண்டாதே" என்று மேலேயிருந்து ஆங்கிலத்தில் ஒரு குரல் கேட்டது. அதில் சத்தம் இல்லை. அதனாலேயே எனக்குப் பயம் கூடி, டார்ச் வெளிச்சம் கறுப்புத் தாரின் மேல் ஆடியது. "பார்க்கத்தான் அனுமதி. தொட வேண்டுமானால் வாங்கிவிட்டுத் தொடு."

ஆன்ட்டி வெளியே வந்து போர்வையை மடித்தார். அந்த மனிதர் நாங்கள் விலகும்வரை நகரவில்லை. அடுத்த வரிசைக்கு வந்ததும் அப்பா கேட்டார். "சொல்லுங்க அக்கா. எடுக்கலாமா?"

"வேண்டாம் தம்பி."

"ஏன்? என்ன இருக்கு?"

"சட்டம் துருப்பிடிச்சு உக்கியிருக்கு எண்டு நினைக்கிறன். பின் அச்சைப் பிடிக்கிற இடம். மலையால இறங்கேக்க வளைவில அது விட்டுது எண்டால்..."

"நினைக்கிறீங்க. கண்ணால பார்க்கல."

"பாக்க விடேல்ல. ஒம்பதுக்கே உள்ள போயிருந்தா வடிவாப் பாத்திருப்பன்."

அப்பாவுக்கு அது சுட்டது. "தெரியாததுக்கெல்லாம் பயந்தா நான் கோயம்புத்தூரை விட்டே வந்திருக்க மாட்டேன்" என்றார்.

மாலையில் பெரிய கொட்டகையில் ஏலம் நடந்தது. ஏலம் விடுபவர் மூச்சு விடாமல் பேசினார், எனக்கு எதுவும் புரியவில்லை. நீலக் கார் மேடைக்கு வந்தது. விளக்குகளுக்கு அடியில் அது ஈரமாக இருப்பதுபோல மின்னியது. அப்பா எண் அட்டையைத் தூக்கினார். வேறு யாரோ தூக்கினார்கள். அப்பா மறுபடி தூக்கினார். அந்தக் கார் எங்களுக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். பின்சீட்டில் நானும், முன்னால் பாட்டுக் கேட்டபடி அப்பாவும், காற்றாலைகள் சுழலும் அந்த மலைச்சரிவும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன.

ஆன்ட்டி அப்பா பக்கம் திரும்பவில்லை. மேடையைப் பார்த்தபடியே தணிந்த குரலில், "தம்பி, வீட்டுக்குப் போகேக்க அனு என்னோட உங்கட பழைய வண்டியில வரட்டும், என்ன? காரை நீங்க தனிய ஓட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்.

அப்பாவின் கை பாதி உயர்ந்து நின்றது. ஏலம் விடுபவர் அவரைப் பார்த்து விரலை நீட்டிக் காத்திருந்தார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அட்டையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

கார் வேறொருவருக்குப் போனது. நான் மூச்சு விட்டேன். ஆன்ட்டியும் மூச்சு விட்டார், எனக்குக் கேட்டது. கதை இங்கே முடிந்திருந்தால் நான் மகிழ்ச்சியாக எழுதியிருப்பேன்.

அதை வாங்கியவர் எங்களுக்கு மூன்று வரிசை முன்னால் இருந்தார். அப்பாவைவிட இளையவர். பக்கத்தில் மனைவி, மனைவியின் தோளில் தலை சாய்த்து ஒரு சிறுமி. நாங்கள் கிளம்பும்போது அந்த மனிதர் எங்கள் பழைய வண்டிக்குப் பக்கத்தில் நின்ற வேனிலிருந்து குழந்தை இருக்கையைக் கழற்றித் தூக்கிக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தார். ஆன்ட்டி கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏறுங்க அக்கா" என்றார் அப்பா.

"அவன் அந்தக் காரில பிள்ளையை வைக்கப் போறான்."

"அக்கா, வித்தாச்சு. பணமும் கட்டியிருப்பான். இப்போ போய்ச் சொன்னா, தோத்துப்போன வயித்தெரிச்சல்ல சொல்றோம்னு நினைப்பான். அந்தப் பூட்ஸ் ஆளு வேற அங்கயே நிக்கறான்."

"ஓம். அப்பிடித்தான் நினைப்பான்." ஆன்ட்டி கதவைச் சாத்தினார். "எனக்குச் சரியாத் தெரியாது தம்பி. நான் பிழையாவும் இருக்கலாம். நீங்க ரெண்டு பேரும் இங்க இருங்கோ."

அவர் போவதை நான் பார்த்தேன். வேகமாகப் போகவில்லை. நடுவில் ஒருமுறை நின்றார். கைப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். திரும்பி வந்துவிடுவாரோ என்று நினைத்தேன். வந்துவிட்டால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் மறுபடி நடந்தார். நான் கதவைத் திறந்து பின்னால் ஓடினேன். அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே என் பின்னால் வந்தார்.

சிறுமி ஏற்கெனவே பின்சீட்டில் இருந்தாள். அவளுடைய தகப்பன் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். ஆன்ட்டி அவரிடம் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொன்னார், தான் டாக்டர் என்றார், இந்தக் காரை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள் என்றார். அந்த மனிதர் சிரித்தார். "அம்மா, நீங்கள் தோற்றுவிட்டீர்கள். போய் வாருங்கள்" என்றார். பூட்ஸ்காரர் கொட்டகைத் தூணில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து எங்களை நோக்கி வரத் தொடங்கினார்.

"இப்போது இது உங்கள் கார்" என்றார் ஆன்ட்டி. "நீங்கள் தொடலாம். யாரும் தடுக்க முடியாது. என்னோடு கீழே வந்து ஒரே ஓர் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். நான் சொன்னது தவறாக இருந்தால் உங்கள் மனைவியின் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன்."

போர்வை எங்கள் வண்டியில் இருந்தது. ஆன்ட்டி வெறும் சிமென்ட் தரையில், கோயிலுக்கும் சர்ச்சுக்கும் உடுத்துகிற அந்த நல்ல சட்டையோடு படுத்தார். அந்த மனிதரும் எரிச்சலோடு படுத்தார். இருவரும் அடியில் நகர்ந்தார்கள். வெளியே நான்கு கால்கள் மட்டும் தெரிந்தன. பூட்ஸ்காரர் பக்கத்தில் வந்துவிட்டார். அப்பா அவருக்கும் ஆன்ட்டியின் கால்களுக்கும் நடுவில் போய் நின்றார். அப்பா உயரம் இல்லை. சும்மா நின்றார்.

அடியிலிருந்து ஒரு சின்னச் சத்தம் கேட்டது, காய்ந்த ரொட்டியை உடைப்பதுபோல.

அந்த மனிதர் வெளியே வந்தபோது விரல் முழுவதும் சிவந்த துருவும் கறுப்புத் தாருமாக இருந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. மனைவியிடம், "அவளை வெளியே எடு" என்றார். மனைவி ஏதோ கேட்டார். "முதலில் அவளை வெளியே எடு" என்றார் மறுபடி. பட்டை சிக்கிக்கொண்டது. அதைக் கழற்றும் வரை, நின்றுகொண்டிருந்த அந்தக் காரைப் பார்த்தே நாங்கள் எல்லாரும் பயந்துகொண்டிருந்தோம்.

அவர் நன்றி சொல்லவில்லை. அதையும் எழுத வேண்டும். ஆன்ட்டியின் பக்கம் திரும்பி, "காலையிலேயே உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"சந்தேகப்பட்டேன்."

"பிறகு ஏன் அப்போதே யாரிடமும் சொல்லவில்லை?"

பார்க்க வரும் இடத்தில் அடுத்தவர் காரைக் குறை சொல்லக் கூடாது என்பது அங்கே எழுதாத வழக்கம். ஆன்ட்டி அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பயந்துவிட்டேன்" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பித் தமிழில், "எங்கட பிள்ளை தப்பினாப் போதும் எண்டு இருந்திட்டன் தம்பி" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

பூட்ஸ்காரர் எப்போது போனார் என்று நாங்கள் கவனிக்கவில்லை. அந்தக் குடும்பம் இழுவை வண்டிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தது. நாம் போகலாமா என்று அப்பா கேட்டதற்கு ஆன்ட்டி, "அந்த வண்டி வரட்டும்" என்றார். அந்த மனிதர் அவரோடு பேசவில்லை. ஆனாலும் ஆன்ட்டி சற்றுத் தள்ளி, அவர்கள் பார்வையில் படும்படி நின்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்தேன். அது பனிக்கட்டிபோலக் குளிர்ந்திருந்தது, விடாமல் நடுங்கியது. ஒரு டாக்டரின் கை அப்படி நடுங்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அவருடைய பச்சைக் காரை யார் வாங்குவார்கள் என்று இப்போது சிலர் பேசிக்கொள்கிறார்கள். அது எனக்குத் தெரியாது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த நடை. எங்கள் வண்டிக்கும் கொட்டகைக்கும் நடுவில், நிச்சயமாகத் தெரியாத ஒன்றைச் சொல்ல, நடுவில் ஒருமுறை நின்று, கைப்பையைத் தோள் மாற்றிக்கொண்டு, திரும்பி வராமல் போன அந்த நடை. பயம் போன பிறகு செய்யலாம் என்று நான் தள்ளிப்போட்டிருக்கும் காரியங்கள் சில இருக்கின்றன. அவற்றை நினைக்கும்போதெல்லாம் அவருடைய முதுகு எனக்குத் தெரிகிறது.

இழுவை வண்டி வந்து நீலக் காரை மேலே ஏற்றியது. சிறுமி தாயின் இடுப்பிலிருந்து எங்களுக்குக் கையசைத்தாள். ஆன்ட்டியும் அசைத்தார். கொட்டகையில் வேலை செய்யும் ஒருவர், எல்லாரும் போயாயிற்றா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, விளக்குகளை அணைத்தார்.